வெயிலில் பார்த்த வெளிச்சம்

ஆரணியில் பட்டுச் சேலை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்குள் எரிகிற விளக்கை நம்பி நிறம் பார்க்க மாட்டார்கள். சேலையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்து, முந்தானையையும் கரையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் சரி என்பார்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல வழக்கம்தான், சேலையோடு நின்றிருந்தால்.

மண்டல முகப்பு விளக்குத் தகுதி மன்றத்தின் ஆய்வாளர் நெடுஞ்செழியன் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் மாதம், மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனார். வெயிலில் நிறம் பார்க்கும் வழக்கத்தைக் கண்டு அசந்துபோனார். உண்மை வெயிலில்தான் தெரியும் என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது. மறுநாளே சுற்றறிக்கை போட்டார். இனிமேல் மன்றத்தின் எல்லைக்குட்பட்ட எல்லா வண்டிகளின் முகப்பு விளக்குகளும் முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையில், திறந்த வெளியில், நேரடி வெயிலில் மட்டுமே பரிசோதிக்கப்படும். நிழலில் காட்டப்படும் வெளிச்சம் வெளிச்சமாகக் கருதப்படாது. மேலிடம் இதைப் படித்துவிட்டு, மண்ணின் அறிவை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர் என்று அவருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதைச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்.

மன்றம் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. பல்பு ஆபீஸ் என்று கேட்டால் வழி சொல்வார்கள். மூடிப்போன ஒரு சேலைக் கடையின் மாடியில் இருக்கிறது. பழைய கண்ணாடி அலமாரிகளை அப்படியே விட்டுவிட்டார்கள், சேலைகள் இருந்த இடத்தில் இப்போது கோப்புகள் அடுக்கியிருக்கின்றன. இங்கே சீட்டு வாங்காமல் எந்தச் சுமை வண்டிக்கும் தகுதிச் சான்று கிடையாது. இருட்டில் ரோட்டில் ஆள் சாகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஆபீஸ் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. பலகைக்கு மேலே இருந்த விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை.

துரைக்கண்ணுவிடம் இருந்தது குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பால் எடுத்து, ஆறு மணிக்குள் ஆரணியில் ஒரு தனியார் பால் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மனைவி கண்ணகியும் கூடவே வருவாள். பாலை அளந்து கேனில் ஊற்றுவது அவள் வேலை. தண்ணீர் கலந்த பாலை ஊற்றும்போதே கண்டுபிடித்துவிடுவாள், ஊற்றியவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லியும்விடுவாள். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் இதுதான் பிழைப்பு. இரண்டு பேருடைய பெற்றோரும் இதே ஊர்களில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் களை பறித்தவர்கள். சொந்தமாக ஒரு வண்டி என்று அந்தக் குடும்பத்தில் வந்தது இதுதான் முதல் முறை. அதனால் இரண்டு பேரும் அதை மனுஷனைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

கார்த்திகை பிறந்ததும் கம்பெனி மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தகுதிச் சான்று மாசக் கடைசியோடு முடிகிறது, புதுச் சான்று வராவிட்டால் மார்கழி முதல் நாள் பால் எடுக்கிற அந்த வழி வேறு வண்டிக்குப் போய்விடும். துரைக்கண்ணு கவலைப்படவில்லை. வண்டி வாங்கும்போது வண்டிக் கம்பெனி போட்டுக் கொடுத்த ஹாலஜன் பல்புகள்தான் இருந்தன. பிரேக் சரி, டயர் சரி. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

முதல் நாள் பதினொன்றரை மணி வெயிலில் நாற்பது வண்டிகள் வரிசையாக நின்றன. நெடுஞ்செழியன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வரிசையில் துரைக்கண்ணுவின் முறை வந்தபோது, வண்டியின் முன்னால் குனிந்து, விளக்கை வலப்பக்கமிருந்தும் இடப்பக்கமிருந்தும் பார்த்தார். சேலைக் கரை பார்க்கிற அதே பார்வை.

"இன்னாப்பா, லைட்டைப் போடச் சொன்னா போடாம நிக்கிற?"

"போட்டுத்தான் சார் இருக்குது."

"எனக்குத் தெரியலயே. என் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

உச்சி வெயிலில் எந்த விளக்கு சார் தெரியும் என்று துரைக்கண்ணு கேட்க வாயெடுத்தான். பின்னால் நின்ற டிரைவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் வாயை மூடிக்கொண்டான். ஆய்வாளர் படிவத்தில் 'ஒளி: காணப்படவில்லை. தகுதியற்றது' என்று எழுதினார். பிறகு மனம் இளகி, ஊரே எல்இடிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னும் மஞ்சள் பல்பைக் கட்டிக்கொண்டு அழலாமா என்று கேட்டார். எல்இடி போட்டுக்கொண்டு வந்தால் வெயிலிலேயே தெரியும், பார்த்த கையோடு கையெழுத்து என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

வண்டிச் சாமான் கடை வைத்திருந்த ஜினசந்திரன் அந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிற நயினார், தமிழ்ச் சமணர். பொருளைக் குறைத்துப் பேசி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறவர் என்று அவர் மகனே குறைப்படுவான். துரைக்கண்ணு எல்இடி கேட்டதும் அவர் எடுத்து வைத்தார், உறையைப் பிரிக்கவில்லை.

"ரோட்டுக்கு வேணுமா, ஆபீஸுக்கு வேணுமா?"

இரண்டும் வேறு வேறா என்று துரைக்கண்ணு கேட்டான்.

"கேளு. இது வெள்ளையா தூரமா அடிக்கும். பேட்டரிக்கும் சிரமமில்ல, ஜல்தில கெட்டும் போவாது. எல்லாம் சரிதான். ஆனா உன் வண்டியில லைட்டுக்குப் பின்னால இருக்கிற கிண்ணம் ஹாலஜனுக்குன்னு செஞ்சது. அதுல இதைப் போட்டா வெளிச்சம் கண்டபடி சிதறும். எதிர்ல வர்றவன் கண்ணுல போயி உக்காரும். பனியில இன்னும் மோசம், வெள்ளை வெளிச்சம் பனிமேலயே பட்டு உன் மூஞ்சிக்குத் திரும்பும். நீ மார்கழியில ஏரிக்கரைமேல ஓட்டறவன். என்னைக் கேட்டா, கண்ணாடியைத் தொடச்சு, புது ஹாலஜன் ஒரு ஜோடி போட்டுக்கோ. அது போதும்."

"ஆபீஸ் விட்டாத்தான நயினாரே ரோடு" என்றான் துரைக்கண்ணு. ஜினசந்திரன் உறையைப் பிரித்தார்.

இரண்டாம் முறை எல்இடி வெயிலிலேயே பளிச்சென்று தெரிந்தது. நெடுஞ்செழியன் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "கூசுதுப்பா, கூசுதுப்பா" என்று இரண்டடி பின்னால் போனார். கறுப்புக் கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டு எழுதினார்: 'ஒளி: கூசுகிறது. தகுதியற்றது.' வண்டிக் கம்பெனி போட்டுக் கொடுத்ததை மாற்றி வெளியில் வாங்கிய எல்இடியைப் பொருத்துவது குற்றம் என்று முந்தாநாள் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம்.

போன வாரம் நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்றான் துரைக்கண்ணு. நெடுஞ்செழியன் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. பொறுமையாக விளக்கினார்.

"போன வாரம் சொன்னது ஆலோசனை. இன்னிக்கு எழுதறது ஆணை. ஆலோசனைக்கு நான் பொறுப்பில்ல, ஏன்னா அதை எழுதித் தரல. ஆணைக்கும் நான் பொறுப்பில்ல, ஏன்னா அது மேலேயிருந்து வந்தது. இந்த மாதிரி நாற்காலியில முப்பது வருஷமா நான் ஒரு தப்பும் பண்ணாம உக்காந்துகினு இருக்கேன்னா, அதுக்கு இதான் காரணம்."

ஆபீஸில் பரிமளா என்று ஓர் எழுத்தர் இருந்தாள், இரக்க குணம் உள்ளவள். படிக்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் ஹாலஜன், ஒரு பக்கம் எல்இடி போட்டு வந்தால் சாருக்கு ஏதாவது ஒன்று பிடிக்கலாம் என்று யோசனை சொன்னாள். அவனும் மூன்றாம் முறை அப்படியே வந்து நின்றான். நெடுஞ்செழியன் வெகுநேரம் பார்த்தார். இடப்பக்கம் காணப்படவில்லை, வலப்பக்கம் கூசுகிறது என்று எழுதினார். ஒரு குற்றம் இருந்த வண்டியில் இப்போது இரண்டு. அதுவும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குற்றங்கள் ஒரே வண்டியில் இருப்பதால் அவர் மட்டத்தில் முடிவெடுக்க முடியாது, கோப்பு வல்லுநர் குழுவுக்குப் போகிறது என்றார்.

வல்லுநர் குழுவில் மூன்று பேர். ஒருவருக்கு அரசாங்கமே டிரைவர் கொடுத்திருந்தது, அவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே போவார். இன்னொருவர் கண் புரை அறுவை செய்துகொண்டு, விளக்கைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தவர். தலைவர் இருபது வருஷமாக இரவு எட்டு மணிக்குமேல் விழித்திருந்ததில்லை. ஹாலஜனா எல்இடியா என்ற கேள்வியை இவர்கள் திறந்த மனத்தோடு அணுகினார்கள். மனம் திறந்தே கிடந்ததில் மாசம் பாதி போய்விட்டது.

இதற்கு நடுவில் முகப்பு விளக்கு விழிப்புணர்வு வாரம் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டம். வராத வண்டிக்காரர்களின் கோப்பு அடியில் போய்விடும் என்று சொல்லியிருந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது. கண்ணகியும் வந்திருந்தாள். குழுத் தலைவருக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார்கள். அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வெயில் இல்லாததால் போர்த்தியபடியே ஏற்றுக்கொண்டார். பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டருக்கு யாரும் டீசல் வாங்கவில்லை.

நெடுஞ்செழியன் இருட்டில் தட்டுத் தடுமாறி வெளியே வந்து, வாசலுக்குப் பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறதென்று கேட்டார். துரைக்கண்ணுவின் வண்டிதான் நின்றது. நான்காம் முறைக்கு இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் எல்இடியை மாட்டி வைத்திருந்தான். வண்டியை மண்டப வாசலில் ஏற்றி நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னார்கள். மேடை பளீரென்று ஆனது. தலைவர் தாளை உயர்த்திப் பிடித்து அந்த வெளிச்சத்தில் மிச்ச உரையைப் படித்தார்.

"எல்இடி விளக்குகள் சமுதாயத்துக்கு ஆபத்தானவை என்று இக்குழு கருதுகிறது. ஹாலஜன் விளக்குகள் காலத்துக்கு ஒவ்வாதவை என்றும் இக்குழு கருதுகிறது. எங்களுக்கு எந்த விளக்கின்மீதும் விருப்பு வெறுப்பு கிடையாது. விளக்கு மாறலாம், வண்டி மாறலாம், ஓட்டுகிறவர்கள் வருவார்கள் போவார்கள். மன்றம் நிலைத்திருக்க வேண்டும். அதற்குப் பொதுமக்கள் ஒத்துழைப்புத் தர வேண்டும்."

கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் நெடுஞ்செழியன் துரைக்கண்ணுவுக்கு நன்றி சொன்னார். பிறகு, பொது இடத்தில் தகுதி மறுக்கப்பட்ட விளக்கை எரித்ததாக அவன் கோப்பில் ஒரு குறிப்பும் எழுதினார். வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணகி, "இவங்கள்ல ஒருத்தனாவது விடிகாலையில நம்ம கூட வண்டியில வந்து உக்காந்து பாத்தா போதும்ங்க. இந்தப் பேஜாரே இருக்காது" என்றாள்.

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது குழுவின் முடிவு வந்தது. பரிமளா அதை வாசித்துக் காட்டினாள். இரண்டு வகை விளக்குகளிலும் குறை காணப்படுவதால், இறுதி முடிவு எட்டப்படும் வரை, தகராறில் உள்ள வண்டிகளின் முகப்பு பல்புகளை அறவே கழற்றிவிட வேண்டும். பல்பு இல்லாத வண்டியில் பல்பு பற்றிய குற்றம் இருக்க முடியாது. ஆகவே அவற்றுக்குத் தகுதிச் சான்று வழங்கத் தடையில்லை.

துரைக்கண்ணு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நெடுஞ்செழியன் சிரிக்கவில்லை. அவரே கீழே இறங்கி வந்து, பல்புகளைக் கழற்றச் சொல்லி வாங்கி, துணிப்பையில் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்தார். பல்பு இருந்த ஓட்டைகளை மூடி அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். முத்திரை உடைந்தால் சான்று செல்லாது, உடைக்கிறவர்களைப் பிடிக்க விடியற்காலையில் ரோட்டிலேயே சோதனை நடக்கும் என்றார்.

"நான் ஓட்டறது இருட்டுல சார். லைட் இல்லாம எப்படிப் போவேன்?"

"பகல்ல ஓட்டு."

"பால் விடிகாலையிலதான் சார் கறக்கறாங்க."

"அது கால்நடைத் துறை" என்றார் நெடுஞ்செழியன். சான்றை நீட்டினார். முகப்பு விளக்கு என்ற இடத்துக்கு எதிரே 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்தது.

கம்பெனி மேலாளர் சான்றைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், வழி உனக்குத்தான் என்றார். வண்டியின் முன்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

மார்கழி முதல் நாளிலிருந்து இருவரும் ஒரு வகையாகச் சமாளித்தார்கள். ஊருக்குள் தெரு விளக்கு இருந்தது. பெரிய ரோட்டில் முன்னால் போகிற லாரியின் வெளிச்சத்தை ஒட்டியே போனார்கள். ஏரிக்கரை மட்டும் ஒன்றரை கிலோமீட்டர் கும்மிருட்டு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் கண்ணகி இறங்கிக்கொள்வாள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வண்டிக்குப் பத்தடி முன்னால் ரோட்டின் ஓரத்தைக் காட்டிக்கொண்டே நடப்பாள். பின்னால் முதல் கியரில் வண்டி ஊர்ந்து வரும். முத்திரையை உடைத்துவிடுகிறேன் என்று துரைக்கண்ணு தினமும் சொன்னான். இந்த வண்டியை வாங்க எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துப் பார், குழு முடிவு சொல்கிறவரைக்கும்தானே, நடந்தால் எனக்கென்ன குறைந்தா போய்விடும் என்று அவள் தினமும் தடுத்தாள்.

நான்காம் நாள் பனி கொட்டியது. வளைவுக்குப் பக்கத்தில் எதிரே ஒரு ஜீப் வந்தது. முகப்பில் இரண்டு, கூரைமேல் வரிசையாக ஆறு, எல்லாம் எல்இடி. வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு ஏரி, கரை, வானம் எல்லாவற்றையும் ஒரே வெள்ளைச் சுவராக ஆக்கிவிட்டது. அந்தச் சுவரில் கண்ணகி இல்லை, டார்ச்சும் இல்லை. துரைக்கண்ணு கண்ணை இடுக்கி அவளைத் தேடிவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தான். பிரேக் நல்ல பிரேக்தான். பத்தடி போதவில்லை.

வண்டி ஏறியது அவள் வலது காலில். ஜீப்பிலிருந்து நெடுஞ்செழியன் இறங்கினார். முத்திரை உடைப்பவர்களைப் பிடிக்க வந்துகொண்டிருந்த மன்றத்தின் சொந்த ஜீப் அது. அவர் கெட்டவர் இல்லை, உடனே போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான். அது வருகிறவரை சும்மா நிற்க வேண்டாம் என்று குட்டியானையின் முன்னால் குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்தார். "அரக்கு உடையல" என்று ஜீப் டிரைவரிடம் சொன்னார். ரோட்டில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அது நன்றாகக் கேட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குப் பால் போய்ச் சேராததால் வழி வேறு வண்டிக்குப் போய்விட்டது என்று போனில் தகவல் வந்தது. விபத்து நடந்த ஐந்தாம் நாள் மத்தியானம் நெடுஞ்செழியன் கோப்போடு வார்டுக்கு வந்தார். இரண்டு சாத்துக்குடியும் கொண்டுவந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அறிக்கையை வாசித்தார். விபத்துக்குள்ளான வண்டியின் முகப்பு விளக்கில் யாதொரு குறையும் இல்லை என்பது சான்றால் உறுதியாகிறது. முத்திரை சிதையாமல் இருந்தது ஓட்டுநரின் ஒழுக்கத்தைக் காட்டுகிறது. பாராட்டி எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"உங்க ஜீப்புல எரிஞ்சது இன்னா பல்பு சார்?" என்று கண்ணகி படுத்தபடியே கேட்டாள்.

மன்றத்தின் ஜீப் பரிசோதனை செய்கிற வண்டி, பரிசோதிக்கப்படுகிற வண்டியல்ல, அதைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை என்றார். ஒரே ஒரு இடம்தான் நிரப்பாமல் இருக்கிறதாம். பேனாவைத் திறந்தார்.

"உங்க கையில இருந்துச்சே ஒரு டார்ச்சு. அது ஹாலஜனா, எல்இடியா?"

ரோட்டில் கிடந்த டார்ச்சை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள், அது தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. துரைக்கண்ணு அதை எடுத்தான். கையெட்டும் தூரத்திலிருந்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்து அமுக்கினான்.

நெடுஞ்செழியன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். "கூசுதுப்பா, எடு. ஒண்ணுமே தெரியல."

"எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றான் துரைக்கண்ணு. "எதிர்ல என் பொண்டாட்டி நின்னா சார்."

டார்ச்சை அணைத்துவிட்டுக் கண்ணகியின் பக்கத்தில் வைத்தான். அவள் போர்வையை இழுத்து, கால் இல்லாத இடத்தை மூடிக்கொண்டாள். நெடுஞ்செழியன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்வை தெளிகிறவரை கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து, மிச்சமிருந்த அந்த ஒரு இடத்தில் நிதானமாக எழுதினார்: 'எல்இடி. ஒளி கூசுகிறது. தகுதியற்றது.'